தரகரும் இருபத்தெட்டு எழுத்தும்

தரகருக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய மாமியார். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று நாலு பேர் கேட்டபோது அந்த அம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாப்பிள்ளையையே கேட்டார்.

"டிரைவர் எழுதறேன் அத்தை."

"டிரைவர் எதுக்கு மாப்பிள்ளை எழுதணும், ஓட்டினா போதாதா? என்ன வண்டி?"

வண்டியே இல்லை என்று புரியவைப்பதற்குள் மாப்பிள்ளைக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவது அதுதான். படமோ கடிதமோ எதுவானாலும் எழுதி வைத்துக்கொள்ள டிஸ்க் என்று தனியாக ஒன்று. அது பேசுவது இதற்குப் புரியாது, இது பேசுவது அதற்குப் புரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர், அதைத்தான் நான் எழுதுகிறேன் என்றார். மாமியார் கொஞ்சம் யோசித்தார்.

"தரகர்னு சொன்னா முடிஞ்சுது. இதுக்குப் போய் இவ்வளவு நேரமா?"

அன்றிலிருந்து வீட்டில் அவர் தரகர். ஒருநாள் ஆபீசுக்கு போன் செய்த மச்சான் "தரகர் இருக்காரா?" என்று கேட்டுத் தொலைத்ததில் ஆபீசிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருஷமாகிறது. அவருடைய சொந்தப் பெயர் இப்போது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

தரகரிடம் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, டிஸ்க் சொல்வதை அவர் நம்பமாட்டார். அவருடைய அனுபவத்தில் டிஸ்க்கைப்போலக் கூசாமல் பொய் சொல்கிற ஜென்மம் வேறு கிடையாது. எழுதாமலே "எழுதிட்டேன்" என்று சொல்லும். மின்சாரம் போனபிறகு கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முழிக்கும். ஆபீசில் திங்கட்கிழமைக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு டிஸ்க் இதை எங்கே கற்றிருக்கும் என்ற சந்தேகம் வராது. அங்கே ஆரம்பிக்காத வேலைக்கெல்லாம் பச்சை வண்ணம் பூசி "முடிஞ்சுது" என்று எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது குணம் அவருடைய மனைவிக்கு நன்றாகத் தெரியும். யார் எதற்குக் கூப்பிட்டாலும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் "இதோ, அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்பார். அந்த அஞ்சு நிமிஷத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்த நாட்களும் உண்டு.

மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. ஸ்கேன் அறைக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே படங்களைச் சேர்த்து வைக்கிற பழைய பெட்டி நிரம்பி வழிந்தது. புதுப் பெட்டி வாங்கவேண்டும் என்றபோது தலைமை டாக்டர் அவளைத்தான் கேட்டார். தரகருடைய கம்பெனி செய்கிற பெட்டியை அவள் சொன்னாள். "நம்பலாமா?" என்றார் டாக்டர். "உள்ள பேசற நிரல் என் வீட்டுக்காரர் எழுதினது சார். நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது தரகர் அபூர்வமாகத் திரையைவிட்டுக் கண்ணை எடுத்தார். ஏனென்றால் பெட்டியில் படம் தொலைந்துகொண்டிருந்தது.

புதிதாக வந்த வேகமான டிஸ்க்கை மாட்டிய நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை. சோதனைக்காக ஆயிரக்கணக்கில் படங்களை எழுதுவார்கள். எல்லாம் எழுதியாயிற்று என்று பெட்டி சொல்லும். திரும்ப எடுத்துப் பார்த்தால் ஏழெட்டு இடத்தில் புதுப் படம் இருக்காது, அந்த இடத்தில் முன்பு கிடந்த பழைய படமே இளித்துக்கொண்டு நிற்கும். மார்பைக் கேட்டால் முழங்கால் வரும். தரகர் வழக்கம்போல டிஸ்க்கின்மேல் பழியைப் போட்டார். டிஸ்க் செய்த கம்பெனிக்குக் காரசாரமாகப் பதினொரு கடிதம் எழுதினார். அவர்கள் பதினொன்றுக்கும் ஒரே பதிலை அனுப்பினார்கள்: எங்கள் பக்கம் குறை இல்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டிலேயே பெட்டியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டிரைவரின் உள்ளே எந்த இடத்தில் தப்பு நடக்கிறது என்று பார்க்க, வேலை முடிந்தது என்று டிஸ்க் மணியடித்துக் கூப்பிடும்போதெல்லாம் திரையில் ஒரு வரி விழும்படி செய்யலாம் என்று நினைத்தார். அந்த வரியில் என்ன எழுதுவது என்று யோசித்த நேரத்தில் உள்ளேயிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். வாய் சொன்னதையே கையும் தட்டிவிட்டது: இதோ அஞ்சு நிமிஷத்துல வரேன். ஆங்கில எழுத்தில், இடைவெளியும் சேர்த்து, இருபத்தெட்டு எழுத்து.

ஓடவிட்டார். திரை முழுக்க "இதோ அஞ்சு நிமிஷத்துல வரேன், இதோ அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று கொட்டியது. ஒரு படம்கூடத் தொலையவில்லை. வரியை எடுத்தார், தொலைந்தது. மறுபடி போட்டார், நின்றது. விருந்தாளி இருக்கிறவரைக்கும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப்போல, வரி இருக்கிறவரைக்கும் பெட்டி ஒழுங்காக இருந்தது. அன்று மதியச் சாப்பாட்டை அவர் ஐந்து மணிக்குச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னார். மேலாளருக்குப் பரம சந்தோஷம்.

"அப்ப வரியை விட்டுடுங்க. பச்சை போட்டுடலாம்."

"சார், தப்பு ஏன் வந்துதுன்னும் தெரியல, ஏன் போச்சுன்னும் தெரியல."

"போச்சுல்ல? அப்புறம் ஏன் தரகரே வம்பை விலைக்கு வாங்கறீங்க?"

ஆட்சேபம் வந்தது தரக்கட்டுப்பாட்டு மேடத்திடமிருந்து. தரகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்தது என்று நினைத்தார், பாவம்.

"வாடிக்கையாளர் பாக்கற எடத்துல 'வரேன்'னு இருக்கே. யார் வராங்க? எங்க வராங்க? கொஞ்சம் மரியாதையா இருக்க வேண்டாமா?"

வரியின் வாசகத்தை முடிவுசெய்ய ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. படம் தொலைவதைப் பற்றி விசாரிக்க ஒருத்தரையும் போடவில்லை. குழு முதலில் "எல்லாம் நலம்" என்று மாற்றியது. பதினோரு எழுத்துதான். பெட்டி உடனே நான்கு படங்களை விழுங்கியது. எழுத்து குறைந்தால் தப்பு வருகிறது, கூடினால் போய்விடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தும் திரைக்குப் போய்ச் சேரத் துளி நேரம் பிடிக்கும், அந்தத் தாமதம்தான் பெட்டியைக் காப்பாற்றுகிறது என்று தரகர் விளக்கினார். குழு அதைக் குறிப்பேட்டில் "குறைந்தது இருபத்துநாலு எழுத்து" என்று பதிவுசெய்துகொண்டு மேலே நடந்தது. "சாதனம் நலமாக உள்ளது" என்ற வாசகத்தைக் குழுவிலிருந்த கம்பெனி வக்கீல் அடித்துவிட்டார். நலமில்லாதபோது நலம் என்று சொன்னால் வழக்கு வரும் என்றார். மூன்று நாள் மூளையைக் கசக்கி "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்பதில் வந்து நின்றார்கள். இருபத்தைந்து எழுத்து. எதையும் ஒப்புக்கொள்ளாத வாசகம் என்று வக்கீல் மெச்சினார். கையேட்டில் ஒரு பத்தி சேர்த்து அச்சுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

மீதி இருந்தது தரகரின் கையெழுத்து ஒன்றுதான். வெள்ளிக்கிழமை போடவேண்டும். அடுத்த வாரம் முதல் பெட்டி ஸ்கேன் அறைக்குப் போகும்.

வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்துக்கொண்டு தன் டிரைவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, அந்தப் பெட்டியில..."

"இதோ, அஞ்சு நிமிஷத்துல வரேன்."

"நான் கூப்பிடவே இல்லையே."

தரகர் தலையைத் தூக்கினார்.

"நான் என்ன கேக்கறேன்னு முழுசா காதுல விழறதுக்கு முன்னாடியே உங்ககிட்டேருந்து பதில் வந்துடுது. அதுவும் நேத்து கேட்டதுக்கு நேத்து சொன்ன பதில். பதினெட்டு வருஷமா எனக்கு இது பழக்கம், விடுங்க. ஆனா இதுக்கு மட்டும் கேட்டுட்டுச் சொல்லுங்க. அந்தப் பெட்டியில படம் தொலையுமா?"

அவர் மடிக்கணினியை மூடினார். "அந்த வரி ஓடற வரைக்கும் தொலையாது."

"வரி நின்னா?"

"தொலையும்."

"நான் டாக்டர்கிட்ட பொறுப்புன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பக்கத்து ஊர்லேருந்து வலியோட வந்து, மூச்சை அடக்கிக்கிட்டுப் படுத்து எடுத்துட்டுப் போற படம். காணோம், திரும்ப வாங்கன்னு நான்தான் போன் பண்ணணும்."

தரகருக்கு வெட்கமாக இருந்தது. அதோடு அவள் சொன்ன இன்னொன்றும் காதில் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. நேற்றைய கேள்விக்குச் சொன்ன பதில்.

காலையில் ஆபீசுக்குப் போய் டிரைவரைத் திறந்தார். டிஸ்க் ஒரு வேலையை முடித்ததும் குறிப்பிட்ட இடத்தில் ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டு மணியடிக்கும். வேலை ஆனதா ஆகவில்லையா என்பது சீட்டில் இருக்கும். இது புதுச் சீட்டுதான் என்று காட்ட மூலையில் ஒரு குறியும் இருக்கும். டிரைவர் முதலில் குறியைப் பார்க்கவேண்டும், அப்புறம் சீட்டைப் படிக்கவேண்டும். இங்கே சீட்டை முதலில் படித்துவிட்டு, அப்புறம் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேகமான டிஸ்க்கோ சீட்டு வந்து விழுவதற்கு ஒரு துளி முன்னாலேயே மணியடித்தது. திரையில் வரி ஓடினால் அந்தத் துளி நேரம் அதிலேயே கழிந்து புதுச் சீட்டு வந்துவிடும். ஓடாவிட்டால் டிரைவர் அங்கே கிடந்த பழைய சீட்டைப் படிக்கும், "எழுதியாச்சு" என்று இருக்கும். அதற்குள் புதுச் சீட்டு வந்து விழும், "எழுத முடியலை, திரும்பக் கொடு" என்று. டிரைவர் புதுக் குறியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பழைய பதிலைக் கெர்னலிடம் ஒப்பிக்கும். கேட்பதற்கு முன்னால் பதில், அதுவும் நேற்றைய பதில்.

இதை எந்த மடையன் எழுதினான் என்று பார்த்தார். மேலே அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முந்தைய தேதி. பழைய டிஸ்க்குகள் ஆமை வேகத்தில் போனதால் இவ்வளவு நாள் குட்டு வெளிப்படவில்லை. ஊரிலுள்ள டிஸ்க்கையெல்லாம் பொய்யன் என்று ஏசிக்கொண்டிருந்த மனிதர், டிஸ்க் கம்பெனிக்குத் தான் எழுதிய பதினொரு கடிதத்தையும் நினைத்துக்கொண்டார். பிறகு மேல் வரியைக் கீழும் கீழ் வரியை மேலுமாக மாற்றி, இனி இந்த வரிசை குலையக்கூடாது என்று இயந்திரத்துக்கு ஓர் உத்தரவையும் சேர்த்தார். நன்றி வரியை எடுத்துவிட்டு மதியம்வரை ஓடவிட்டார். ஒன்றுகூடத் தொலையவில்லை.

கையெழுத்துக்காகக் கூடிய கூட்டத்தில் இதைக் கேட்டதும் சாவு வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல எல்லோர் முகமும் தொங்கிப்போனது.

"கையேடு அச்சாயிடுச்சே" என்றார் மேடம்.

"டிரைவரை இனிமே தொடறதில்லைன்னு போன வாரமே முடிவாயிடுச்சு" என்றார் மேலாளர். "உங்க திருத்தம் அடுத்த வருஷம் போகட்டும். இப்ப வரியோட கையெழுத்தைப் போடுங்க."

"அந்தத் திரையை யாராவது அணைச்சா வரி ஓடாது சார்."

"அணைக்கக் கூடாதுன்னு கையேட்டுல இன்னொரு பத்தி போட்டுடலாம்."

தரகர் எழுந்துபோய்ப் பழைய டிரைவர் இருந்த பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேலாளர் விருது வாங்குகிற படத்தை ஐயாயிரம் தடவை எழுதச் சொல்லிவிட்டுத் திரையை அணைத்தார். காபி குடித்து முடிப்பதற்குள் வேலை ஆயிற்று. திரையைப் போட்டதும் எழுதியாயிற்று என்று பெட்டி சத்தியம் செய்தது. திருப்பி எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். விருது, விருது, விருது, யாரோ ஒருவருடைய குடல். மறுபடி விருது, விருது, ஒரு முழங்கால். பதினோரு இடத்தில் மேலாளரைக் காணவில்லை. வக்கீல் தன் நாற்காலியை மேசையைவிட்டு லேசாகப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் தரகர்.

திருத்தம் போகலாம் என்று முடிவாயிற்று. நன்றி வரி மட்டும் இருந்தே தீரவேண்டும், கையேட்டில் இருக்கிறது.

அடுத்த புதன்கிழமை ஸ்கேன் அறையில் தரகரே வந்து பெட்டியைப் பொருத்தினார். பழைய படங்கள் புதுப் பெட்டிக்கு மாறிக்கொண்டிருந்தன. திரையில் "தங்கள் பொறுமைக்கு நன்றி, தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று வரி வரியாக ஏறிக்கொண்டிருந்தது. மனைவி பின்னால் வந்து நின்று படித்தாள்.

"இது எதுக்கு?"

"இப்ப எதுக்கும் இல்ல. சும்மாதான் ஓடுது."

"யாருக்குச் சொல்லுது?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "உனக்குன்னுதான் வெச்சுக்கயேன்."

"பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்தா? ஓடட்டும், இன்னும் நெறைய பாக்கி இருக்கு" என்றாள். "சாப்பிடப் போலாமா? எவ்வளவு நேரம் ஆகும்?"

"இதோ, அஞ்..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. அவர் நிறுத்திக்கொண்டார். எத்தனை படம் மாறியிருக்கிறது, எத்தனை மிச்சம் என்று பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"ஒண்ணேகால் மணி நேரம் ஆகும்."

அவள் மூலையிலிருந்த நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.