மூன்றாம் ஓலை

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் படிப்பார். அறுபதுகளின் தொடக்கத்தில், அம்மாபேட்டையில் எனக்கு முதல் ஓலை வாசித்த அன்று, மாப்பிள்ளையின் ஊரைச் சொல்ல வேண்டிய இடத்தில் சாமியார் "பரதேசி" என்று படித்தார். பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. முக்காட்டுக்குள் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மாப்பிள்ளை லாரி டிரைவர். தாய் தகப்பன் இல்லை, நிலையாக ஓர் ஊரும் இல்லை. பூசை முடிந்ததும் அப்பா சண்டைக்குப் போனார். சாமியார் அசரவில்லையாம். பரம் என்றால் வேறு, தேசம் என்றால் நாடு. வேறு நாட்டிலிருந்து வந்தவன், அவ்வளவுதான். தலம் தலமாக நடந்தவர்களை ஊரே கூப்பிட்டுச் சோறு போட்ட காலத்துச் சொல் அது. சோறு கேட்டு வருகிறவனைப் பார்த்துச் சலித்த நம் வாய்தான் அதை வசவாக்கியது, பழைய ஏடுகளிலும் ஊரில்லாதவனை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்றாராம். விளக்கமெல்லாம் நல்ல விளக்கம்தான். கட்டிக்கொள்ளப் போகிறவள் நானல்லவா?

இரண்டாம் ஓலைக்குள் ஊர் வாய் தன் வேலையைக் காட்டிவிட்டது. லாரி நிற்கிற இடமெல்லாம் அவருக்கு ஒரு பெண்டாட்டி என்றார்கள். நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை யாரிடம் சொல்ல?

"அது நெசமா இருந்தா மூணாவது ஓலையில நானே எந்திரிச்சுத் தடை சொல்லிப்போடுவேன் கண்ணு" என்றார் அப்பா. ஆத்தூருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை பிறந்ததாகச் சொன்ன கிராமத்துக்கு விசாரிக்கப் போனார். சனிக்கிழமை திரும்பியவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் சாமியார் அந்த வார்த்தைக்கு வந்ததும் ஆண்கள் பக்கத்தில் அப்பா எழுந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பரதேசின்னு படிக்காதீங்க சாமி. எங்கூட்டுப் பையன்னு படிங்க."

வீட்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னார். மாப்பிள்ளையின் சின்ன வயதிலேயே காலராவில் அவர் குடும்பமே போயிருந்தது. அவர் இன்னும் கலியாணமாகாதவர்தான் என்று அங்கே கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் சத்தியம் செய்திருக்கிறார். ஆனால் அந்த உபதேசியார் வீட்டைத் தேடி, வெயிலில், தெருத் தெருவாக அலைந்த அப்பா வழியில் தண்ணீர் கேட்டிருக்கிறார். யாரோ பரதேசி என்று சொல்லி நாலு வீட்டில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

"எனக்கு ஒரு நாளுக்கே பொறுக்கல கண்ணு" என்றார் அப்பா. "அந்தப் பையன் ஏழு வயசுலருந்து கேட்டுட்டு இருக்கான்."