டொரன்டோவுக்கு இன்னும் அரை மணி நேரம்

கோயமுத்தூரிலிருந்து டொரன்டோ பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலே. டெல்லியில் இறங்கி ஏறினால் எல்லாம் சேர்த்து முழுதாக ஒரு நாள் பயணம். கைபேசி அப்படித்தான் சொன்னது. என் வீட்டுக்காரர் நம்பவில்லை. அவர் எந்த நேரத்தைத்தான் நம்பியிருக்கிறார்?

நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமானால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு எங்கள் தலையில். அதனால் எங்கள் வீட்டில் ‘ஏர்’ என்பது கெட்ட வார்த்தை. சாயப்பட்டறைக்காரர் இரண்டு நாள் என்றால் இவர் நான்கு என்று வைத்துக்கொள்வார். கல்யாணத்துக்குப் போனால் பந்தல் போடுகிறவர்களுக்கும் முன்னால் நாங்கள் போய் நிற்போம்.

மகளுக்கு டொரன்டோவில் தலைப்பிரசவம். ஊருக்கு வர முடியவில்லை. “வலி வர்றப்ப நீ பக்கத்துல இருந்தாப் போதும்மா” என்று அழுதாள். எனக்கும் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

“ஒரு மாசம் முன்னயே போயிரு அம்மிணி” என்றார் இவர்.

“ஏனுங்க, டாக்டரு தேதி குடுத்திருக்காங்களே?”

“சாயப்பட்டறைக்காரனுந்தான் தேதி குடுக்கறான்!”

மாப்பிள்ளை வீட்டில் இருப்பதே ஒரு படுக்கையறை. ஒரு மாதம் முன்பே மாமியார் போய் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? “நான் என்ன உங்க சரக்குங்களா, குடோன்ல கொண்டுபோயி அடுக்கறதுக்கு?” என்று பிடி பிடியென்று பிடித்தேன். பத்து நாள் முன்பு போவதென்று நானே முடிவு செய்தேன். மனிதர் அதற்கே டிக்கெட் எடுத்தார். பழக்கம் மட்டும் போகுமா? என் பெட்டிகளை எடை போட்டு, பிளாஸ்டிக் பட்டையை இழுத்துக் கட்டி, ஏற்றுமதி அட்டைப்பெட்டிக்கு எழுதுவதைப் போலவே மார்க்கர் பேனாவால் நம்பர் போட்டுவிட்டார். விமான நிலையத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மானமே போயிற்று.

டொரன்டோவில் இறங்கிக் கைபேசியைப் போட்டதும் அவரே கூப்பிட்டார். “பேத்தி பொறந்துட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. பதறாம போ.”

நான் டெல்லியில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வலி எடுத்துவிட்டதாம். அங்கேயே நின்று அழுதேன். ‘நாந்தான் அப்பவே சொன்னனே’ என்று ஆரம்பிப்பார் என்று பார்த்தேன். பெட்டி நம்பரைச் சரிபார்த்து எடுக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மகள் சொன்னாள். “அப்பா ஃபோன்லயே இருந்தாரும்மா. உன்ற மாப்பிள்ளைதான் ஃபோனைப் புடிச்சிட்டு நின்னாரு. அப்பா கம்ப்யூட்டர்ல சரக்குக் கப்பல் எங்க போகுதுன்னு பாப்பாரில்ல, அதே மாதிரி உன்ற பிளேனைப் பாத்துப் பாத்துச் சொன்னாரு. ‘அம்மா வந்துட்டா கண்ணு, இன்னும் அரை மணி நேரந்தான், பொறுத்துக்க’ன்னு சொல்லிட்டே இருந்தாரு. நானும் நம்பிட்டுப் பல்லைக் கடிச்சிட்டுக் கெடந்தேன். பாப்பா பொறந்தும் உன்னையக் காணோம்!”

கணக்குப் பார்த்தால் அப்போது என் விமானம் பாதி வழிகூடத் தாண்டியிருக்காது. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

“ஏனுங்க, புள்ளகிட்ட அரை மணி நேரம்னு பொய் சொன்னீங்களாமா?”

“பின்ன? அந்த வலியில கெடக்கறவகிட்ட, உங்கம்மா இன்னும் எங்கியோ இருக்கறான்னா சொல்றது?” என்றார்.