கடிக்காமல் மேலே போகலாம்

கிளாரினெட் பழகுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். கீழ்ச் சுரங்கள் சீக்கிரம் வந்துவிடும். மேலே போவதற்கு, பின்பக்கம் இடது கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு சின்ன கீ இருக்கிறது. ஊதியபடியே அதை அமுக்கினால் சத்தம் தானாக ஏறும். ஆனால் பயத்தில் உதட்டை இறுக்கிவிடுவார்கள். கீச்சென்று கத்தும்.

எங்கள் பேண்டு செட் மாஸ்டர் பசுமலையில் ஒரு வாடகை அறையில் சொல்லிக் கொடுப்பார். அவருடைய ஒரே பாடம், "கடிச்சு ஊது." நானும் கீழுதட்டின் உட்பக்கம் புண்ணாகித்தான் பழகினேன். செட்டில் நான் ஒருத்திதான் பெண். அந்த அறையில் நான் வாய்திறந்து பேசியது குறைவு.

எங்கள் யூனிபார்ம்களைத் தைத்துக் கொடுப்பவளுக்கு வாசிக்க ஆசை வந்தது. என்னைவிட இளையவள். நாலு மாதம் பழகியும் மேலே போனால் கீச்சல்தான். மாஸ்டர் கெடு வைத்தார்.

"ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாடியும் ஊது. கீச்சுச்சுன்னா தையல் மிஷினோட நின்னுக்க."

சாயங்காலங்களில் அவளைக் கீழக்குயில்குடி மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய், மாஸ்டர் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லிக் கொடுத்தேன். உதட்டைத் தளர விடு. கட்டைவிரலைத் தூக்காதே, இருந்த இடத்திலிருந்தே சாய்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊத ஆரம்பித்ததும் மாஸ்டர் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "கடி, கடி!"

கடித்துவிட்டாள். கீச்சியது.

"மாஸ்டர், ஆட்டோவுக்குப் பிரேக்க மாத்துங்க," என்றார் டிரம் அடிப்பவர். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கிளாரினெட்டைக் கழற்றப் போனாள்.

நான் எழுந்து அவள் பின்னால் போய் நின்றேன்.

"கழட்டாத. கீழ மட்டும் ஊது. மேல போகவே வேணாம்."

ஊதினாள். அவளிடம் சொல்லாமல் விரலை நீட்டி அந்தக் கீயை அமுக்கினேன். சத்தம் சுத்தமாக மேலே ஏறியது. திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நீயா அமுக்குன?"

"ஆமா. உன் உதடு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணுமே பண்ணலயே!"

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ அமுக்குனா ஆச்சா? கல்யாண ஊர்வலத்துல அவ பின்னாலயே நடப்பியா?"

"நடக்குறேன்ணே."

"எம்புட்டுத் தூரம்?" என்றார் டிரம்காரர்.

"கடி கடின்னு சொல்றத இவரு நிப்பாட்டுற வரைக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. நான் விலகி நின்றேன். இந்தத் தடவை அவளே விரலைச் சாய்த்தாள். மேலே போனாள், கீழே வந்தாள். அடுத்த தடவை கீச்சியது. மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள், "இன்னொருக்கா ஊது," என்றேன். சரியாக வந்தது.

"ஒரு கல்யாணம் பாப்போம்," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வெளியே போனார்.

அந்தக் கல்யாணம் டி. கல்லுப்பட்டியில். சொன்னபடியே ஊர்வலம் முழுக்க அவள் பின்னால் நடந்தேன். என் இரண்டு கைகளும் என் கிளாரினெட்டில் இருந்தன. இரண்டு இடத்தில் அவளுக்குக் கீச்சியது. மாஸ்டர் திரும்பி என்னை முறைத்தார். நான் தலையைக் குனியாமல், அவரைப் பார்த்தபடியே ஊதினேன்.