சிவப்புத் துணி கட்டிய பதினேழாம் செடி

ஊரெல்லாம் பூச்சியைக் கொல்லச் சம்பளம் வாங்குகிற காலத்தில், பூச்சியை வளர்க்கச் சம்பளம் வாங்கியவன் நான். இப்படி உத்தியோகம் பார்த்து ஊராரிடம் பேச்சு வாங்கும் சகோதரர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இலையைச் சுருட்டும் புழு அண்டாத செடி எது என்று கண்டுபிடித்து, அதிலிருந்து கன்று எடுக்க வேண்டும். அதற்காக மருந்தே அடிக்காமல், செடிகளில் நானே புழு விடுவேன்.

வலை வாங்கிய கதை

புழுவை அடைத்து வைக்கக் கொசுவலைத் துணி தேவைப்பட்டது. கொட்டகலைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த காசிம் நானா கத்தரிக்கோலை எடுத்தபடி, "தொட்டிலுக்கா தம்பி?" என்றார். புழுவுக்கு என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"பூச்சி உள்ள வராம இருக்கத்தான் எல்லாரும் வலை வாங்குவாங்க. வெளிய போகாம இருக்க வாங்குறது நீங்க ஒருத்தர்தான்."

துரை வைத்த கெடு

இலையெல்லாம் சுருண்டு கிடப்பதைப் பார்த்த தோட்டத்து மேலாளர் துரை, "அடுத்த மாதம் வருவேன். புழு தொடாத செடி ஒன்றாவது காட்டு. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நீ கொழுந்து நிறுக்கப் போ" என்றார்.

அவசரமாக ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே போனேன்; பதினேழாம் செடி கொஞ்சம் தேவலையாகத் தெரிந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணி கட்டினேன். அன்றிலிருந்து அதிசயம்! எவ்வளவு புழு விட்டாலும் மறுநாள் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற செடிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன்.

"கவலையை விடுங்கய்யா, அந்தச் செடியை நாங்க பாத்துக்கிறோம்" என்றார் கங்காணி.

துரை வந்த நாள்

துரை பதினேழாம் செடியை இலை இலையாகப் புரட்டினார். பழுதே இல்லை. என் முதுகில் தட்டக் கையைத் தூக்கியவர், செடியின் தூரில் குங்குமத்தைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார்.

கொழுந்து பறிக்கும் ராமாயி பெருமையோடு முன்னால் வந்தாள். "ஐயா செவப்புத் துணி கட்டினதுமே சாமிச் செடின்னு தெரிஞ்சுக்கிட்டோமுங்க தொர. தெனம் காலையில புழுவைப் பொறுக்கிட்டு மஞ்சத் தண்ணி ஊத்துறோம்."

தொலைந்தேன். கொழுந்துத் தராசு கண்முன் ஆடியது. பொறுக்கிய புழுவை என்ன செய்தாய் என்று துரை கேட்டார்.

"சாமி முன்னால உசுரக் கொல்லலாமுங்களா? பக்கத்துச் செடியிலதான் விட்டோம். ஆனா அது வீம்பு புடிச்ச செடிங்க, எத்தனை விட்டாலும் ஒரு இலைகூடச் சுருளல."

அந்தப் பதினெட்டாம் செடியைக் கண்டுபிடித்தவன் என்று துரை என் பெயரையே எழுதிக்கொண்டார், நானும் கூச்சமில்லாமல் தலையாட்டிவிட்டேன்.