கோட்டாற்றில் வாங்கிய பழைய கார்

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். பழைய காரைப் பழுதுபார்த்து ஓட்டுகிற கிறுக்கு எனக்கு உண்டு. கோட்டாற்றில் ஒரு ஜவுளி வியாபாரி, ஓடாமல் கிடந்த தம் காரை எனக்கு விற்றார். “காயிதம் வீட்டுல எங்கயோ கெடக்கு, தேடித் தாறேன்” என்றார். நம்பினேன். வண்டி ஓடத் தொடங்கிய வாரம் அவர் திடீரென்று இறந்துபோனார்.

காகிதம் இல்லாமல் என் பேரில் பதிய முடியாது, வீட்டாரிடம் எழுதி வாங்கி வா என்றுவிட்டார் திருவிதாங்கூர் சர்க்கார் குமாஸ்தா. அதே காரில் நேரே அந்த வீட்டுக்குப் போனேன். அவர் இறந்து நாலாம் நாள். அவர் மனைவி இத்தா இருந்தார். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படமாட்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாசலில் நின்று கையெழுத்து கேட்டேன்.

“மையத்து எடுத்த வீடுவே. நீரு மனுசனா?” என்றார் அந்த அம்மாளின் அண்ணன்.

“விடுங்க காக்கா. அவுக வாக்கு குடுத்த வண்டி” என்று அண்ணனைத் தடுத்தது திரைக்குப் பின்னால் ஒரு குரல். தாளை உள்ளே வாங்கி, பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்தனுப்பினார். பிறகு கேட்டார்: “இப்போ ஓடுதா?”

“ஓடுதும்மா.”

“நிக்காஹ் முடிச்சு என்னைய அதுலதான் கூட்டிட்டு வந்தாவ. போகும்போது மெதுவா போங்க. சத்தம் கேக்கட்டும்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. தெருமுனை வரை நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனேன்.

வண்டி என் பேருக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தத் தெருவில் மட்டும் அதை என் வண்டி என்று நினைத்து நான் ஒருநாளும் ஓட்டியதில்லை.