சூளைக்குப் போன வராகன்

எங்கள் வீட்டில் என்னை விஞ்ஞானி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நான் கழற்றித் திரும்பப் பூட்டிய பிறகு வந்த பெயர் அது. பூட்டியது போக நாலைந்து திருகாணி மிச்சமிருந்தது. அதன் பிறகு கிரைண்டர் ஓடவில்லை. ஆனாலும் அந்தப் பெயரைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பு முழுக்கத் தலை நிமிர்ந்து திரிந்தேன். அந்த வருஷம்தான் எங்களுக்குப் புதையல் வந்தது.

அப்பா விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை வைத்திருந்தார். வருஷம் முழுக்க மின்சாரப் பெட்டிக்குப் போகிற ஃபியூஸ் கேரியர், கொலு நேரத்தில் பொம்மை. ஒரு மத்தியானம், காலர் நைந்த சட்டையோடு ஒரு ஒல்லி ஆள் பட்டறைக்குத் தண்ணீர் கேட்டு வந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகாமல் நின்றார். கம்மாபுரம் பக்கம் வாய்க்கால் தோண்டுகிற வேலையில் இருக்கிறாராம். மண்ணுக்குள் ஒரு பானை கிடைத்ததாம். பானை நிறையத் தங்கக் காசாம்.

"வெளிய தெரிஞ்சா அரசாங்கம் எடுத்துக்கும்ங்க. பணமா குடுத்தீங்கன்னா ஏது இவ்ளோ பணம்னு ஊர்ல கேப்பாங்க. ஒரு நகையா குடுங்க. எம் பொண்டாட்டி கழுத்துல போட்டா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. பானையோட எடுத்துக்குங்க" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு காசை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். "வச்சிருங்க. யாருகிட்ட வேணும்னாலும் காட்டிப் பாருங்க. வெள்ளிக்கிழமை பானையோட வரேன்."

முன்பின் தெரியாதவரிடம் தங்கத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாரே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று நாங்கள் எல்லோரும் உருகிப்போனோம்.

எங்களோடு வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, உருகினாலும் உஷாராகத்தான் உருகினார். "பழைய காசு வாங்கறதுன்னா சும்மாவா மச்சான்? நூத்துக்குத் தொண்ணூறு போலி. எங்கிட்ட விடுங்க" என்று காசை வாங்கிக்கொண்டார். அதுவரை அவர் பழைய காசு எதையும் கண்ணால் பார்த்ததில்லை.

முதலில் விளிம்பு. எங்கள் ஊர்ப் பொம்மைகள் இரண்டு பாதியாக இருக்கும் அச்சில், பால் போலக் கரைத்த களிமண்ணை ஊற்றி எடுப்பவை. இரண்டு பாதியும் சேருமிடத்தில் ஒரு கோடு விழும். அதைக் கத்தியால் சுரண்டி எடுப்பதுதான் பட்டறையில் அம்மாவின் வேலை. "அந்தக் காலத்துக் காசு முத்திரை வச்சு அடிச்சது. போலின்னா வார்த்திருப்பான். வார்த்தா கோடு இருக்கும்" என்று மாமா தன் புது செல்போனின் டார்ச்சை அடித்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோடு இல்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. தரையில் போட்டுக் காதை வைத்துக் கேட்டார். நானும் ஒரு முறை போட்டேன். அது பீரோவுக்கடியில் ஓடிவிட்டதால் அன்றைய ஆராய்ச்சியிலிருந்து விலக்கப்பட்டேன்.

காசின் ஒரு பக்கம் ஏதோ மிருகம் இருந்தது.

"நாய் மாமா."

"வாயக் கழுவுடா. வராகப் பெருமாள். ஸ்ரீமுஷ்ணத்துல இருக்காரே, அவரு. இது வராகன்டா, ராஜா காலத்துத் தங்கக் காசு!"

கடைசியாகக் கடைத்தெரு ஆசாரியிடம் கொண்டுபோனார்கள். கல்லில் உரசிப் பார்த்துவிட்டு, நல்ல தங்கம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே அப்பாவும் மாமாவும் முடிவெடுத்தார்கள்: பானைக்குப் பதிலாக, பீரோவில் இருக்கும் அம்மாவின் கல்யாணச் சங்கிலி. அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு மட்டும் திருப்தியில்லை. "தங்கம்னா நெருப்புல போட்டாலும் நெறம் மாறாதுடா" என்று பேச்சுவாக்கில் மாமா சொல்லியிருந்தார். அந்தச் சோதனையை ஏன் ஒருவரும் செய்யவில்லை? ஊரில் இருக்கிற பெரிய நெருப்பு எங்கள் சூளையில்தான் இருந்தது. மறுநாள் சூளையில் சாமான் அடுக்கும்போது, ஒரு சின்னக் கோப்பையில் வராகப் பெருமாளை எழுந்தருளச் செய்து, ஃபியூஸ் கேரியர்களுக்கு நடுவில் வைத்தேன். வாசலைச் செங்கல் வைத்து மூடிச் சேறு பூசினார்கள். தீ வைத்தார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது, பாராட்டை எதிர்பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். நடுவில் சூளையைத் திறந்தால் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சுடக் கொடுத்த சாமான் உட்பட மொத்தமும் வெடித்துப்போகும். மாமாதான் சமாதானம் சொன்னார்: "உக்காருங்க மச்சான். தங்கத்துக்கு ஒன்னும் ஆவாது. கழுவி விட்ட மாதிரி வெளிய வரும் பாருங்க."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "ஆசாரி உருக்கித்தானேடா சங்கிலி செய்றாரு?"

அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் மோர் வரைக்கும் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சூளையைப் பிரித்தார்கள். கோப்பையில் காசு இல்லை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மணி பளபளவென்று உருண்டுகொண்டிருந்தது. "பாத்தீங்களா, நெறம் மாறலை" என்றேன். அப்பா கையை ஓங்குவதற்குள் அந்த ஒல்லி ஆள் மஞ்சள் பையோடு வந்து நின்றார்.

மாமா நைச்சியமாக ஆரம்பித்தார். "தங்கம் அப்டியே இருக்குதுங்க. உருவம்தான் கொஞ்சம்... மாறிப்போச்சு. அதான் பானை இருக்குதே, அதுல ஒன்னு கொறையுதுன்னு நெனச்சிக்குவோம்."

அந்த ஆள் கோப்பைக்குள் பார்த்தார். அப்படியே களிமண் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ, மறுபடி இதை அடிச்சி வாங்க கூலிக்கு நான் எங்க போவேன்!"

"மறுபடியா?" என்றார் மாமா. மஞ்சள் பையைப் பிடுங்கிப் பானையைக் கவிழ்த்தார். கொட்டிய காசுகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பைச் சுற்றிக் கோடு. இன்னொன்று, அதிலும் கோடு. "பித்தளை! வார்த்தவன் சுரண்டக்கூட இல்ல மச்சான்!" மோசம் போகவிருந்ததைவிட, அந்த அரைகுறை வேலைதான் அவரை அதிகம் கொதிக்க வைத்தது போலிருந்தது.

"பாவிங்களா, அது எம் பொண்டாட்டி தோட்ட உருக்கி அடிச்ச காசுய்யா!" அந்த ஆள் அழ ஆரம்பித்தார். பெரிய ஆள் ஒருவர் மூக்கொழுக அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அந்த ஒன்னுதான்ய்யா நெஜம். அதைக் காட்டித்தான் ஊரூரா போறேன். ஒரு எடத்துலயும் இன்னும் நடக்கல."

"போலீஸைக் கூப்பிடுங்க மச்சான்" என்றார் மாமா. அப்பா சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நின்றார். அன்று காலையிலேயே சங்கிலியைக் கைக்குட்டையில் சுற்றி அதில் வைத்திருந்தார்.

ஓரமாகப் பொம்மை சுரண்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். கோப்பையிலிருந்த மணியைக் காகிதத்தில் மடித்து அந்த ஆளின் கையில் வைத்தாள்.

"அக்கா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"அவ தோடு. அவகிட்ட போவட்டும்" என்றாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "கேட்டு வாங்குனியா, கேக்காமயே எடுத்தியா?"

அந்த ஆள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மா கவனித்திருக்க மாட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவை.

அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டார். கைக்குட்டையோடு சங்கிலியை எடுத்து, பொம்மைகளுக்கு நடுவில் வைத்தார். அம்மா களிமண் கையோடு அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மறுபடியும் பொம்மை சுரண்ட உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அழுகையாக வந்தது. போலியைக் கண்டுபிடித்தவன் நான். எனக்கு வரவேண்டிய பரிசை அம்மாவுக்குக் கொடுத்தால் எப்படி? அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. அதைவிட இன்னொன்றுதான் விஞ்ஞானியைக் குடைந்துகொண்டே இருந்தது. அம்மா கேள்வி கேட்டது அந்த ஆளை. அவர் வாயே திறக்காதபோது, அப்பா எதற்கு முந்திக்கொண்டு பதில் சொன்னார்?