மாடி கிளினிக்கில் செய்த கண்

என் வீட்டுக்காரரின் வலக்கண் போனது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடி கிளினிக்கில்.

அவர் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. முதலில் இடக்கண்ணை ஓர் அறுவை சிகிச்சை மையத்தில் செய்தோம். எங்கள் வீட்டில் வெறும் நெற்றியோடு யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. அன்றும் அவருக்குப் பட்டை பட்டையாகத் திருநீறு பூசித்தான் அழைத்துப்போனேன். அங்கிருந்த தாதி என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"என்னாக்கா இது? ஆபரேஷனுக்கு வரும்போது யாராச்சும் இப்படி பூசுவாங்களா? தூள் கண்ணுல விழுந்தா என்னா ஆகும்?"

சொல்லிக்கொண்டே இரண்டு தடவை அவர் முகத்தைக் கழுவித் துடைத்தாள். உடுப்பை மாற்றி, தலைக்குத் தொப்பி மாட்டிய பிறகே உள்ளே விட்டாள். எனக்கு அப்போது மகா கோபம். இன்று அந்தப் புண்ணியவதியைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

வலக்கண்ணின் முறை வந்தபோது, இடக்கண்ணைச் செய்த அதே டாக்டர் ஆபரேஷன்களை அந்தக் கடைவீட்டு மாடியில் இருந்த தம் கிளினிக்கிற்கே மாற்றிக்கொண்டிருந்தார். "எதுக்கு ஆன்டி அங்கெல்லாம் அலையணும்? இங்கயே பண்ணிரலாம் லா. பதினஞ்சு நிமிஷ வேலை. மத்தியானம் வீட்டுல போயி சாப்பிடலாம்."

நானும் தலையாட்டினேன். அன்று காலையும் திருநீறு பூசினேன். ஒரு தடவை திட்டு வாங்கியவளுக்குப் புத்தி வேண்டாமா என்று கேட்பீர்கள். பூசினால் என்ன, போன இடத்தில் கழுவிவிடுவார்கள் என்ற தைரியம்தான்.

ஒருவரும் கழுவவில்லை. கண்ணாடிக்குக் கண்ணைச் சோதிக்கும் அறையிலேயே நாற்காலியைச் சாய்த்து அவரைப் படுக்கவைத்தார்கள். முன்மேசையில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து, இமையை மட்டும் பஞ்சால் ஒற்றிவிட்டு, நடுவில் ஓட்டை போட்ட துணியை முகத்தில் விரித்தாள். பிறகு என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். முடிந்து அவர் வந்தபோது நெற்றியில் பாதித் திருநீறு இருந்தது. மீதி எங்கே போயிற்றோ.

மூன்றாம் நாள் கண் சிவந்து சீழ் கோத்தது. அரசாங்க மருத்துவமனையில் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வை திரும்பவில்லை. கிருமி எப்படிப் போனதென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த மாடிக்குப் போனேன். டாக்டரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது.

"திருநீறு பூசிக்கிட்டு வந்தது உங்க தப்பு ஆன்டி."

"தப்புதான் டாக்டர். பூசுனது நான்தான். நெத்தி நெறைய இருந்துச்சே, கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்திருக்கலாம்ல?"

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். எதற்கு வம்பு என்று இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு மெதுவாக, "இனிமே வேன் ஓட்ட முடியுமா டாக்டர்?" என்று கேட்டார். ஒற்றைக் கண்ணோடு பிள்ளைகளை ஏற்றிப்போக விடமாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் கேட்டார்.

"கவலப்படாதீங்க அங்கிள். லெஃப்ட் கண்ணு சூப்பரா இருக்கு லா."

"அத நீங்க இங்க வச்சுப் பண்ணலியே," என்றேன்.